பின் இருக்கையில் கேட்ட சத்தம்

பணிமனைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் வண்டிக்காரர்கள் அதிகம் சொல்லப்போகும் புகார், "பின்னாடி சத்தம்." நீங்களும் அதை அப்படியே ஜாப் கார்டில் எழுதிக்கொண்டு வண்டிக்கு அடியில் போவீர்கள். போவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். அந்தச் சத்தம் யாருக்குக் கேட்கிறது? ஓட்டுகிறவருக்கா, பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்கா? இரண்டும் வேறு வேறு புகார். ஒரு வீட்டுக் கொட்டகையில் நான் செய்த வேலையைச் சொன்னால் இது உங்களுக்குப் புரியும்.

தேனியில் ஒரு சர்வீஸ் சென்டரில் ஃப்ளோர் இன்சார்ஜாக இருந்து, ஐம்பத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு வாங்கியவன் நான். உத்தமபாளையத்தில் தனியாக இருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு நேரத்தைக் கழிப்பது கடினம் என்று பலர் பயமுறுத்தினார்கள். நேரம் எப்படியோ கழிகிறது. காதுக்குத்தான் வேலை இல்லை. காலையில் எழுந்ததும் அது எதையோ தேடுகிறது. லிஃப்ட் ஏறும் சத்தம், ஏர் கன் சத்தம், யாராவது யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம். சுவரில் அளவு வாரியாக மாட்டியிருக்கும் ஸ்பேனர்களை எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டுகிறேன். அவை அழுக்காகியிருப்பதில்லை.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போன் வந்தது.

"தம்பி, நான் ஈஸ்வரி பேசுறேன். கம்பத்துல சுருளிப்பட்டி ரோடு. ஜீப்பு தவமணி வீடு."

தவமணி அண்ணனைக் கம்பம் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆட்களையும் மூட்டைகளையும் மலையேற்றிய ஜீப்புகளுக்குச் சொந்தக்காரர். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனபின் ஜீப்புகளை ஒவ்வொன்றாக விற்று, மிச்சமாக ஒரு சின்ன வெள்ளைக் கார் மட்டும் வைத்திருந்தார். அது எங்கள் சென்டருக்கு வந்த வண்டி. ஈஸ்வரி அக்கா அவருடைய மனைவி. அவர் படுத்த பிறகுதான் அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். திங்களும் வியாழனும் அவரைத் தேனிக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப்போய்க் கொண்டுவந்தார்.

"அவுக நேத்து ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னுட்டாக தம்பி. வியாழக்கெழமையும் வரமாட்டாகளாம். ஏன்னு கேட்டா, அந்த வண்டில என்னால முடியாதுங்கிறாக. நோயச் சொல்றாகளா வண்டியச் சொல்றாகளான்னு எனக்குப் புரியல. நீங்க வண்டிய மட்டுமாவது பாத்துச் சொல்லுங்க."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"வியாழக்கெழமையும் வரலன்னா என்னையக் கேக்காதீங்கன்னுட்டாரு."

வாடகைக் காரில் அழைத்துப்போகலாமே என்றேன். "இந்தப் பக்கம் டாக்ஸி ஓட்டுறவுக எல்லாம் இவுககிட்ட ஜீப்பு ஓட்டுனவுகதான். அவனுக கையில நான் பொட்டலமாட்டம் ஏறி எறங்கணுமாங்கிறாக" என்றார். வண்டியைப் பணிமனைக்கு அனுப்பலாம் என்றால், அங்கே சில நாட்கள் விட்டுவைக்கச் சொல்கிறார்களாம்.

அன்றே போனேன். வீட்டின் பக்கத்தில் ஜீப்புகள் நின்ற பெரிய கொட்டகை. சிமெண்ட் தரை, பழைய ஆயில் கறைகள், நடுவே அடியில் இறங்கி வேலை பார்க்க வெட்டிய பள்ளம், அதன்மேல் பலகைகள். அவ்வளவு இடத்தில் அந்தச் சின்னக் கார் ஓரமாக நின்றது.

சன்னல் ஓரத்துக் கட்டிலில் இருந்து குரல் வந்தது. "யாருடி வந்திருக்கது?"

"உத்தமபாளையத்துப் பாண்டித் தம்பி. காரப் பாக்க வந்திருக்காக."

"என்னையப் பாக்க இல்லையே?"

"இல்ல."

"அப்ப வரட்டும்."

உள்ளே போனேன். அண்ணனின் முகம் வீங்கியிருந்தது. கால்கள் தலையணைமேல் இருந்தன. "என்னையப் பாக்க வாரவுக எல்லாம் மொதல்ல காலப் பாக்குறாக. அப்புறம், எப்படி இருந்த ஆளுங்கிறாக. அதான் கேட்டப் பூட்டச் சொல்லிட்டேன். நீ டயரப் பாரு, போ" என்றார்.

நோயாளியிடம் வண்டியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அக்காவை ஓட்டச் சொல்லி, அண்ணன் வழக்கமாக உட்காரும் இடத்தில் நான் உட்கார்ந்தேன். வீக்கத்தால் காலை மடக்க முடியாதவர் என்பதால், முன் சீட்டில் அவரால் வர இயலாது. பின் சீட்டில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டுதான் வருவார். நானும் அதே மாதிரி சாய்ந்தேன். நீங்களும் இப்படிச் செய்து பாருங்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும்போது சத்தம் உங்களுக்குப் பின்னால் எங்கோ கேட்கும். பின் சீட்டில் சாய்ந்தால் அதே சத்தம் முதுகெலும்புக்குள் கேட்கும்.

ரோட்டில் சாதாரண ஒட்டுப்போட்ட இடங்களில்கூட டொக், டொக் என்று இடி விழுந்தது. வாய்க்கால் பாலத்தில் ஏறி இறங்கியபோது பல்லைக் கடித்துக்கொண்டேன். அக்கா முன்னால் ஏதோ சொன்னார். கேட்கவில்லை. "என்னக்கா?" என்று கத்தினேன். கண்ணாடியில் அவர் உதடு மட்டும் அசைந்தது. திரும்பிப் பார்த்தால் ரோடு தவறிவிடும் என்று அவர் பயந்தது கழுத்தில் தெரிந்தது. அதன்பின் இருவரும் பேசாமலே வந்தோம்.

காரைப் பள்ளத்துக்குமேல் நிறுத்தி அடியில் இறங்கிப் பார்த்தேன். பின் அச்சைக் காரின் உடலோடு பிணைக்கும் இரண்டு கைகள் உண்டு. அவற்றின் முனைகளில் ரப்பர் புஷ் இருக்க வேண்டும். குலுக்கலை அந்த ரப்பர்தான் வாங்கிக்கொள்ளும். இந்த வண்டியில் லேத்தில் கடைந்த நைலான் புஷ் இருந்தது. அதுவும் தேய்ந்து ஓட்டை நீண்டுபோய், போல்ட் உள்ளே குதித்துக்கொண்டிருந்தது.

இது நம் பள்ளத்தாக்கின் வழக்கம். உங்களிடமும் கேட்பார்கள். குமுளி மலைப்பாதையில் பாரம் ஏற்றும் ஜீப்புக்கு ரப்பர் சீக்கிரம் கிழியும் என்பதால் நைலானைக் கடைந்து போடுவார்கள். ஜீப்புக்கு அது ஓடும். அந்தப் பழக்கத்தில் வீட்டுக் காருக்கும் போட்டுவிடுவார்கள்.

கட்டிலுக்குப் போய்ச் சொன்னேன்.

"நைலான் போடச் சொன்னது நாந்தான்லே. என் ஜீப்பு அம்புட்டுலயும் நைலான்தான். குமுளி மலையில ரப்பர் என்னைக்கு நின்னுச்சு?"

"ஜீப்புல ஏலக்கா மூட்டை போச்சுண்ணே. மூட்டை வலிக்குதுன்னு சொல்லாது."

"நான் வலிக்குதுன்னு சொன்னனா?"

"நீங்க போகமாட்டேன்னு சொன்னீக."

சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே பார்த்தபடியே, "சரி, செய்யி. ஆனா வண்டி கேட்டத் தாண்டப்படாது. தாண்டுச்சுன்னா, தவமணி கடேசி வண்டியையும் வித்துப்புட்டான்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேசுவானுக" என்றார்.

"சரிண்ணே. அப்ப வியாழக்கெழமை போவீகளா?"

"வண்டியச் செய்யுன்னுதான சொன்னேன்."

அதற்குமேல் கேட்கவில்லை. தேனியில் சொல்லி அசல் ரப்பர் புஷ்களை மாலை பஸ்ஸில் வரவழைத்தேன். புதன்கிழமை காலையில் வேலையைத் தொடங்கினேன். கைகளைக் கழற்றுவது, பழையதைத் தள்ளிப் புதியதை ஏற்றுவது எல்லாம் நீங்கள் தினமும் செய்வது. அதை விட்டுவிடுகிறேன்.

தடுமாறிய இடம் காரின் இடது பக்கக் கையில் வந்தது. நைலானைத் தள்ளி எடுத்ததும், புஷ் உட்காரும் ஓட்டையை, நாம் கண் என்போமே, அதைத் துடைத்துப் பார்த்தேன். உள்ளே அரம் போட்ட தடம். கடைந்த நைலான் பெரிதாகிவிட்டது போலிருக்கிறது; நைலானைக் குறைக்காமல் கண்ணை அராவிப் பெரிதாக்கியிருக்கிறார்கள். இறுக்கமாக அழுத்தி ஏற வேண்டிய புது புஷ் கையாலேயே உள்ளே போய்விட்டது.

அண்ணன் சன்னலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "லூசா இருக்கா? தகரத்தச் சுத்தி வச்சு அடிலே. எண்ணெ டின்னு அங்கன கெடக்கு பாரு. நான் எத்தன ஜீப்பு அப்பிடி மலையேத்திருக்கேன்!"

தகரம் வைத்து அடித்திருந்தால் மதியத்துக்குள் வேலை முடிந்திருக்கும். மறுநாள் வண்டி தேனி போயிருக்கும். அடுத்த வாரமும் போயிருக்கலாம். பிறகு ஒருநாள் அந்தத் தகரம் நசுங்கி, புஷ் நகர்ந்து, பின் அச்சு ஒரு பக்கமாக இழுக்கும். அந்த நேரத்தில் ஓட்டிக்கொண்டிருப்பவர் இப்போதுதான் கார் பழகிய ஒரு பெண். பின்னால் காலை நீட்டிச் சாய்ந்து வரும் ஒருவர்.

இந்தப் பக்கம் இன்னொரு கணக்கு இருந்தது. இப்போது கழற்றிப் போட்டிருக்கும் வண்டி நாளைக் காலைக்குள் எழாவிட்டால், அவர் போகாமல் இருக்க நானே ஒரு காரணத்தைக் கையில் கொடுத்துவிடுவேன்.

அக்கா பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டார். "நாளைக்கு வண்டி நின்னுறாதுல்ல தம்பி?"

"இருங்கக்கா. ஒரு போன் பேசிக்கிறேன்."

இம்மாதிரி நேரத்தில் முதலில் கருவியைக் கீழே வையுங்கள். கையில் சுத்தியல் இருக்கும்வரை, அடிப்பதே சரி என்று தோன்றிக்கொண்டிருக்கும். தேனியில் பழைய வண்டிகளை உடைக்கும் கடைக்காரரைக் கூப்பிட்டேன். அதே மாடல் கை இருக்கிறதா என்று மட்டும் கேட்கவில்லை. அதை வெளியே எடுத்து, கண்ணுக்குள் துணி விட்டுத் துடைத்து, அரம் பட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். "வந்து பாத்துக்கங்களேன் சார்" என்றார். "வந்து ஏமாந்து போக நேரமில்ல, நீங்களே பாருங்க" என்றேன். முனகிக்கொண்டு போய்ப் பார்த்தார். ஒன்று வளைந்தது, வேண்டாம். இன்னொன்று சுத்தம் என்றார். அதன்பிறகுதான் மொபெட்டை எடுத்தேன்.

"தகரம் இருக்கையில தேனிக்குப் போறான் பாரு. ஒங்க கம்பெனிக்காரனுகளுக்கு நோகாமத் தின்னே பழக்கம்" என்று சன்னல் சொன்னது.

வெயிலில் சின்னமனூர் தாண்டிப் போய், கையை வாங்கிக்கொண்டு, பொழுது சாய்வதற்கு நேரம் இருக்கும்போதே திரும்பிவிட்டேன். புஷ் இறுக்கமாக ஏறியது. கைகளை மாட்டினேன். போல்ட்களைக் கையால் முடுக்க முடிகிற அளவோடு நிறுத்தினேன்.

இங்கேதான் பலரும் அவசரப்படுவார்கள். ரப்பர் புஷ் பேரிங் மாதிரி சுற்றாது, முறுக்கிக்கொள்ளும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நின்றவுடன் ரப்பர் முறுக்கிக்கொண்டேதான் நிற்கும். சில மாதங்களில் கிழியும். வண்டி தன் கால்களில் நிற்க வேண்டும், வழக்கமாக ஏறும் பாரம் ஏறியிருக்க வேண்டும். அப்போதுதான் கடைசி இறுக்கம். இந்த வண்டியின் வழக்கமான பாரம் பின் சீட்டில் சாய்ந்து வருகிற ஒருவர்.

காரை மறுபடி பள்ளத்தின்மேல் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்தேன். "அண்ணே, நீங்க வந்து ஏறி உக்காரணும்" என்றேன்.

"எங்க போக?"

"எங்கயும் இல்ல. பாரத்துக்கு."

சற்று நேரம் என்னையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். மூச்சு வாங்கியது. "ஏண்டி, இன்னும் ஒரு வேலை இருக்காம்டி எனக்கு! முந்தாநேத்து மிசினுக்குப் போயிருந்தா ஒடம்பு நீரு எறங்கிருக்கும். தண்ணி கூடக் கெடக்கு. அதையும் சேத்துக்கலே."

அக்காவின் தோளைப் பிடித்து நடந்து வந்து ஏறினார். காலை நீட்டிச் சாய்ந்தார். அக்காவும் ஓட்டுநர் சீட்டில் உட்கார வேண்டும் என்றேன். அவர் பின்கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வருவதாக உள்ளே போனார். குறித்த இறுக்கம் வந்ததும் க்ளிக் என்னும் டார்க் ரெஞ்சோடு நான் பள்ளத்தில் இறங்கிக் காத்திருந்தேன்.

தலைக்குமேல் இருந்து அண்ணன் பேசினார். முகம் தெரியாமல் பேசுவது அவருக்கு எளிதாக இருந்தது போலும்.

"பாண்டி."

"சொல்லுங்கண்ணே."

"இவ முன்னாடி ஏதாச்சும் சொல்லிக்கிட்டே வருவாடா. எனக்கு டொக்கு டொக்குன்னுதான் கேக்கும். என்னடீன்னு கத்துனா மூச்சு முட்டும். பெறகு அவளும் விட்டுட்டா. அங்கன மிசின்ல கெடக்கையிலயும் யாரும் பேச்சு இல்ல. அவனவன் மோட்டுவளையப் பாத்துப் படுத்திருக்கான். சரி, அது ஆஸ்பத்திரி. இந்த வண்டிலயுமாடா?"

ரெஞ்சின் அளவைச் சரிபார்ப்பதுபோல் திருப்பிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து ஏறினார். வண்டி இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.

எங்கள் சென்டரில் ஒரு வழக்கம் உண்டு. கீழே இறுக்குபவன் ஒவ்வொரு போல்ட்டையும் பெயர் சொல்லிக் கூவ வேண்டும். மேலே நிற்பவன் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்ததற்குப் போகலாம். வீட்டில் தனியாக வேலை செய்யும்போதும் எனக்கு வாய் தானாகக் கூவிவிடும். அது அப்படியே சுவரில் போய் முடியும்.

ரெஞ்ச் க்ளிக் என்றது. "இடது முன், ஆச்சு!" என்றேன்.

"என்னலே கத்துற?"

விஷயத்தைச் சொன்னேன். "அப்ப நான் திருப்பிச் சொல்லணுமா? சரி. இடது முன்!"

"இடது பின், ஆச்சு!"

"இடது பின்!"

கம்பம் ஸ்டாண்டில் நின்று "குமுளி, குமுளி" என்று ஆள் கூப்பிட்ட குரல் அது. கொட்டகை முழுவதும் கேட்டது. அக்கா சிரிப்பதும் கேட்டது.

"வலது முன், ஆச்சு!"

"வலது முன்!"

நான்காவதற்கு நகர்ந்தேன். அவர் சற்று முன் சொன்னது மனதில் வந்து உட்கார்ந்துகொண்டது. போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர ஒரு மணி நேரத்துக்கு மேல், ஒரே வண்டிக்குள் இரண்டு பேர், ஒரு சொல் இல்லாமல். ரெஞ்சைத் துணியில் துடைத்தேன். ஏணியில் கால் வைத்தேன்.

"ஏலே, வலது பின் என்னாச்சு? எனக்கு இன்னும் வரலையே."

கால் ஏணியிலேயே நின்றது. திரும்பி வந்து பார்த்தேன். அது கையால் முடுக்கிய அளவிலேயே இருந்தது. இறுக்கினேன். க்ளிக் என்றது.

"வலது பின், ஆச்சு."

"வலது பின்! இப்பச் சரி."

வேலை எத்தனை வருடம் பழகியிருந்தாலும் மனம் வேறு பக்கம் போகும். போகாமல் இருக்க உங்களாலும் முடியாது. அதனால்தான் இரண்டாவது குரல். மேலே நிற்பவருக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, எண்ணிக்கை தெரிந்தால் போதும். ஆள் இல்லாமல் வேலை செய்ய நேர்ந்தால், தெருவில் போகிற யாரையாவது கூப்பிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். கௌரவம் பார்க்காதீர்கள்.

இருவரையும் இறக்கிவிட்டு முதலில் நான் மட்டும் ஓட்டினேன். அது என் பொறுப்பு. கேட்டைத் தாண்டும்போது, "சீக்கிரம் வந்துரு, பாத்துருவானுக" என்றார் அண்ணன். வாய்க்கால் பாலம் வரை போய், வேகமாக ஒரு தடவையும் மெதுவாக ஒரு தடவையும் ஏறி இறங்கி, பிரேக் பிடித்துப் பார்த்துத் திரும்பினேன். போல்ட்களை மீண்டும் பார்த்தேன். நகரவில்லை. ஆனால் நான் கேட்டது முன் சீட்டின் அமைதி. பின் சீட்டில் எப்படி இருக்கிறது என்று அங்கே உட்காருபவர்தான் சொல்ல வேண்டும்.

"ரெண்டு பேரும் ஒரு சுத்துப் போயிட்டு வாங்க" என்றேன்.

"நீயும் ஏறு" என்றார் அண்ணன்.

"நான் ஏறினா பாரம் மாறிரும்ணே."

உண்மையில் என் ஒருவனால் பெரிதாக மாறிவிடாது. இருந்தாலும் அப்படித்தான் சொன்னேன்.

கார் போனதும் கொட்டகை மிகவும் பெரிதாகிவிட்டது. கருவிகளைத் துடைத்து அளவு வாரியாகப் பெட்டியில் அடுக்கினேன். பள்ளத்துக்குப் பலகை போட்டேன். பழைய நைலான்களை ஒரு பையில் கட்டினேன். செய்ய வேறு வேலை இல்லாமல் கேட்டருகே வந்து நின்றேன். பாலம் வரை போய்வருவதற்கான நேரம் கடந்துவிட்டது. நான்கு போல்ட்களையும் மனதில் வரிசையாக மறுபடி இறுக்கிப் பார்த்தேன். அக்காவின் போனுக்கு அடித்தேன். அது வீட்டுக்குள் மணியடித்தது. மொபெட்டை எடுத்துக்கொண்டு தேடிப் போகலாமா என்று நினைத்தேன். நான் ஒரு வழியில் போய் அவர்கள் வேறு வழியில் வந்தால், பூட்டாத வீடு. நின்றேன். ரோட்டில் திராட்சைப் பெட்டி ஏற்றிய ஆட்டோக்கள் போயின. வெள்ளையாகத் தெரிந்ததெல்லாம் அந்தக் கார் போலவே இருந்தது.

கடைசியில் கார் தெரிவதற்கு முன்பே குரல் கேட்டது. கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தார்கள்.

"பாலத்துக்கு முன்னாடியே ரெண்டாவது கியருக்கு வாடின்னு எத்தன தடவ சொல்றது?"

"ஓட்டுறது நானா நீங்களா?"

"அதான் பாத்துக்கிட்டு வாரேனே ஓட்டுற லச்சணத்த! சுருளிப்பட்டி வரைக்கும் மூணாவதுலயே முக்கிக்கிட்டு..."

"இத்தன நாளா வாயத் தொறக்காம வந்தீகளே, அப்பத் தெரியலையாக்கும்?"

"நீ மட்டும் தொறந்தியோ?"

கார் கொட்டகைக்குள் வந்து நின்றது. இரண்டு பேரும் இறங்கவில்லை. இன்ஜினை அணைத்ததுகூடச் சண்டைக்கு வசதியாகத்தான் போயிற்று.

"நாளைக்கு அஞ்சு மணிக்கெல்லாம் கெளம்பணும்டி. நீ இருட்டுல சரியா ஓட்டமாட்ட, மெதுவாப் போகணும்."

"ஆறு மணிக்கு எடுத்தாப் போதும். மிசினு ஒம்பது மணிக்குத்தான."

"போன வாரம் ஆறு மணிக்கு எடுத்து வீரபாண்டில மாட்டிக்கிட்டு நின்னது மறந்துபோச்சா?"

"நீங்கதான் காப்பி வேணும்னீக!"

போய்வருகிறேன் என்று சொல்ல ஓர் இடைவெளிக்காகக் காத்திருந்தேன். இருவரும் விடவில்லை. பெட்டியை மொபெட்டில் வைத்துக் கட்டினேன். கிளப்பினால் சத்தம் கேட்டுப் பேச்சு நின்றுவிடும் என்று, தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போனேன்.